மாப்பிள்ளை விடாத கை

கையை ஒளித்து வைப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறில்லை. வயதை ஒளிக்கலாம், வழுக்கையை ஒளிக்கலாம், சோதனையில் பெயில் விட்டதைப் பத்து வருடம் வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். கை அப்படியல்ல. வணக்கம் சொல்ல அது வேண்டும், தேத்தண்ணி வாங்க அது வேண்டும், விபூதி எடுக்க அது வேண்டும். அப்படிப்பட்ட கையை, அதுவும் வலது கையை, நான் ஏழெட்டு மாதம் ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தேன். அதன் பலனாக முந்நூறு பேரை ஒரு மைல் தூரம் ஓட வைத்து, என் சொந்தத் தங்கையின் கலியாணத்தை முழங்கால் அளவு தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். இதை நானே எழுதிவிடுவது நல்லது. எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் சொன்னால் என்னை இன்னும் மோசமாகச் சொல்கிறார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், குருக்கள்மடம் தாண்டி வரும் ஊர் ஒன்றில் உப தபால் அதிபராக இருந்தேன். (தபால் அதிபர் என்றால் பெரிய கட்டடம், பெரிய மேசை என்று நினைக்கவேண்டாம். ஒரு அறை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை, ஒரு நான்.) எங்கள் ஊர் ஒரு ஒடுக்கமான நிலம். கிழக்கே கடல், மேற்கே நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவி, நடுவில் வீதி. கடலில் இருந்து ஓடுகிறவன் வாவிக்குள்தான் விழவேண்டும், வேறு வழி கிடையாது. இதைச் சுனாமி அன்று காலை ஊரே நேரில் கற்றுக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் வந்த அடையாளம் என் நெஞ்சளவுக்கு இருந்தது. நாங்கள் தப்பினோம், அக்கம்பக்கத்தில் பலர் தப்பவில்லை.

அதற்கு முன்பே என் வலது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் உள்ளங்கையை நோக்கி மெதுவாக மடங்கத் தொடங்கியிருந்தன. உள்ளங்கையில் தோலுக்குக் கீழே ஒரு கயிறு போலத் தடித்துக் கிடந்தது. முத்திரை குத்திக் குத்தி வந்த வினை என்று முதலில் நினைத்தேன். வலியில்லை. ஆனால் விரலை நிமிர்த்த முடியவில்லை. முகம் கழுவப் போனால் மடிந்த விரல் மூக்குக்குள் போனது. ஒருநாள் கடிதம் வாங்க வந்த ஒரு மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடிதத்தை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்குள் அந்த எண்ணம் விழுந்தது.

எங்கள் வாவிக்குள் ஒரு தீவு இருக்கிறது. குட்டநோய்க்காரருக்காக அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி கட்டிய தீவு. மட்டக்களப்பில் பிறந்த எவனும் மடங்கிய விரலைக் கண்டால் அந்தத் தீவைத்தான் நினைப்பான். நானும் அதையேதான் நினைத்தேன். அந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது, மாத்திரை போட்டால் சுகமாகிவிடும் என்று தபாற்கந்தோர்ச் சுவரிலேயே ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒட்டியதே நான்தான். இருந்தும் அதை வாசித்து நம்புகிற புத்தி எனக்கு இல்லாமல் போனது. அந்த நோயாளிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு மட்டும் வந்த பிரச்சினையாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். என் தங்கை வதனிக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லை. இரண்டு சம்பந்தம் யுத்தத்தால் குழம்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வாழைச்சேனையில் இருந்து ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தார். ரவி என்று பெயர், மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் திருத்துகிறவர். தாயில்லை, பெரியம்மாதான் வளர்த்தவர். பெண்ணின் அண்ணனுக்குப் பெரிய வருத்தம், அதாவது அந்த நோய், என்று ஒரு சொல் அந்தப் பெரியம்மாவின் காதில் விழுந்தால் வதனியின் வாழ்க்கை முடிந்தது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று வலது கையை ஒரு தினசரிப் பத்திரிகைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. வதனி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நான் பழக்கதோஷத்தில் வலது கையால் வாங்கினேன். கோப்பை நெருப்பாகச் சுட்டது. "ஆ" என்று இடது கைக்கு மாற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் பெரியம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் இமைக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நாலாம் நாள் சம்மதம் என்று செய்தி வந்தது. ஆவணியில் கலியாணம். எனக்குப் பயம் போகவில்லை, கூடத்தான் செய்தது. அவர் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, கலியாணத்தன்று கிட்ட வந்து பார்ப்பார் என்று என் மூளை வேலை செய்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வெளிநாட்டு டொக்டர்மார் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் கை எலும்பு, நரம்பு பார்க்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் டொக்டரும் இருந்தார். முதுகு வலி என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னார். என் உள்ளங்கை கூடாரம் மாதிரி மேசையில் நின்றது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், வெளிநாட்டில் தன் ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம். அடுத்த அறையில் இருந்த இரண்டு டொக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். படம் எடுத்தார்கள். அவருடைய அப்பாவுக்கும் இதே வருத்தமாம், தாத்தாவுக்கும் இதே வருத்தமாம்.

"இது எங்கட ஊர் வருத்தம் இல்ல ஐயா," என்றார் மொழிபெயர்த்த தாதி. "பனி பெய்யிற ஊர்ச் சனத்துக்குத்தான் கூட வாறதாம். டுப்புய்ட்ரன் எண்டு பேராம். தொத்தாது. ஆளக் கொல்லாது."

"குட்டம் இல்லையா?"

"இல்லவே இல்லயாம்."

நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன். ஒரு நிமிடம் கழித்து எனக்கு மெல்ல ஒரு பெருமையும் வந்தது. (வெள்ளைக்காரருக்கு வருகிற வருத்தம் எனக்கு வந்திருக்கிறதே!) அத்துடன் எழும்பி வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். டொக்டரும் அதைத்தான் சொன்னார். அவசரமில்லை, வெட்டினாலும் திரும்ப வரலாம், கலியாணத்தை முடித்துவிட்டு ஆறுதலாகச் செய்யலாம் என்றார். நான் கேட்கவில்லை. குட்டம் இல்லை என்று முந்நூறு பேருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விரல் நேராக இருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கலியாணத்துக்கு முதல் வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

சத்திரசிகிச்சைக்குக் கையை மட்டும் மரத்துப் போகச் செய்தார்கள். நடுவில் என் நெஞ்சின் மேல் யாரோ ஒருவருடைய கை கிடந்தது. "இது ஆருட கை? எடுங்க" என்று கோபித்துக்கொண்டேன். தாதி "உங்கடதான் ஐயா" என்று எடுத்து வைத்தார். உள்ளங்கையில் கோணல்மாணலாகத் தையல் போட்டு, விரல்கள் நேராக நிற்க ஒரு அச்சுக் கட்டி அனுப்பினார்கள். அதை ஒழுங்காகப் போடவேண்டும், எதையும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது, எரிகிற மாதிரி வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் தலையாட்டினேன். அதன் பிறகு அந்த டொக்டர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஊருக்கு நான் சொன்ன கதை, பலாப்பழம் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்பது. மனைவி சரோஜாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது, ஏனென்றால் அந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பலாப்பழமே வரவில்லை.

தையல் வெட்டியபின் எரிவு தொடங்கியது. வலி என்று சொன்னால் போதாது. கை வீங்கி, தோல் மினுங்கி, சூடேறி, வியர்த்துக்கொண்டிருந்தது. காற்றாடிக் காற்றுப் பட்டால் வலித்தது. போட்டிருந்த சேட்டின் கை உரசினால் வலித்தது. குளிர்ந்த தண்ணீர் ஒரு துளி பட்டால் உச்சந்தலை வரைக்கும் இழுத்தது. முத்திரையை இடது கையால் குத்தினேன். அந்த மாதம் எங்கள் ஊரில் இருந்து போன கடிதங்களில் தேதியைத் தவிர மற்றெல்லா இடத்திலும் மை இருந்தது.

"ஒரு விரல நிமித்தப் போய் ஆளே கோணிப் போயிட்டீங்க," என்றாள் சரோஜா. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க. மாப்பிள வீட்டுக்கும் சொல்லிப் போடுவம்."

"கலியாணம் முடியட்டும்."

"கலியாணத்தில நீங்கதானே தாரை வாக்கணும்? அண்டைக்கு என்ன செய்வீங்க?"

"அது ரெண்டு நிமிச வேலதானே," என்றேன்.

கலியாணத்தன்று காலை அச்சைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். தழும்பு தெரியாமல் இருக்க உள்ளங்கை முழுவதும் சந்தனத்தைக் குழைத்துத் தடிப்பாகப் பூசினேன். கண்ணாடியில் பார்த்தபோது மங்களகரமாகத்தான் இருந்தது. பந்தல் எங்கள் வளவிலேயே போட்டிருந்தது. வாழைச்சேனையில் இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் மறு பக்கம். கடல் வந்து எட்டு மாதம்தான். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்திருந்தாலும், இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓடுவதற்கு வசதியாகக் கதிரையின் ஓரத்தில்தான் இருந்தார்கள். செருப்பைக் கழற்றியவர்கள் அதை வாவிப் பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. அப்பாவின் இடத்தில் நான். வதனியின் கையை எடுத்து ரவியின் கையில் வைத்து, அதன் மேல் என் கையை வைக்கவேண்டும். சரோஜா செம்பில் இருந்து தண்ணீர் விடவேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் சந்தனக் கையை மேலே வைத்தேன். பெரியம்மா முன்வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லா இறுக்கிப் புடி மனே, பொம்பிளயிட கை," என்றார் ரவியிடம்.

சொல்லுக் கேட்கிற பிள்ளை. படகு இயந்திரத்தின் இறுகிய நட்டை வெறுங்கையால் கழற்றுகிற கை அது. வதனியின் கையையும் என் கையையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தார். அதே நேரத்தில் சரோஜா கிணற்றுத் தண்ணீரை விட்டாள்.

நான் கத்தினேன். அந்தச் சத்தத்தை அதற்கு முன்பு நான் போட்டதில்லை, அதற்குப் பின்பும் போட்டதில்லை. "ஐயோ" என்றுதான் தொடங்கினேன், பிறகு அது எங்கேயோ போய்விட்டது. மேளம் நின்றது.

எங்கள் சனத்துக்கு இரண்டு விதமான பயிற்சி இருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் கீழே படுப்பது, மனிதச் சத்தம் கேட்டால் ஓடுவது. படுக்க இருபது வருடம் பழகினோம், ஓடுவதற்கு ஒரு காலை போதுமாக இருந்தது. என் சத்தத்துக்குப் பாதிப் பேர் படுத்தார்கள், பாதிப் பேர் ஓடினார்கள். படுத்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, மற்றவர்கள் ஓடுவதைக் கண்டு, எழும்பி இன்னும் வேகமாக ஓடினார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் "கடல் வந்திட்டு!" என்று கத்தினார். அதோடு சரி.

ஓடாமல் நின்று "இல்லை, இல்லை, என் கைதான்" என்று சொல்லத்தான் நினைத்தேன். ரவி விடவில்லை. எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்த பிடியில் பிடித்தபடி பந்தலை விட்டுப் பாய்ந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் பெண்ணின் அண்ணனும் ஒரே கையில் கோர்த்துக்கொண்டு வளவுக்கு வெளியே போனோம்.

"விடுங்க! கை நோகுது, விடுங்க!" என்று கதறினேன்.

கதறக் கதற அவர் இறுக்கினார். அவர் இறுக்க இறுக்க நான் கதறினேன். பின்னால் வந்தவர்கள் என் கதறலைக் கேட்டு, தண்ணீர் கிட்ட வந்துவிட்டது என்று இன்னும் வேகம் கூட்டினார்கள். தவில்காரர் கழுத்தில் தவிலோடு ஓடினார், அது ஒவ்வொரு அடிக்கும் தானாக அடித்துக்கொண்டு வந்தது. ஐயர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனார். வயதானவர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீதியில் ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண், இருந்தது. சமாதான காலம் என்றாலும் அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போவோம். அன்றைக்கு முந்நூறு பேர் ஒரு அட்டையும் காட்டாமல் பாய்ந்தோம். அங்கே நின்ற இரண்டு பொடியன்மாரும் துவக்கைத் தூக்கினார்கள். என் உயிர் நின்றுவிட்டது. பட்டு வேட்டிக் கூட்டம் ஒன்று கதறிக்கொண்டு வருவதைப் பார்த்து அவர்களுக்கும் நின்றிருக்கவேண்டும். யாரோ கைகாட்டிச் சிங்களத்தில் கடல் என்று கத்த, அவர்கள் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், பிறகு எங்களோடு சேர்ந்து ஓடினார்கள். கால் தடுக்கிய பெரியம்மாவை ஒருவன் கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வாவியில்தான் நின்றோம். முழங்கால் அளவு தண்ணீரில், அதற்கு மேல் ஓட இடமில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தோம். கிழக்கே ஒன்றும் இல்லை. தென்னை அசையவில்லை. காகம்கூடப் பறக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்து ஒரு மனிதர் பின்னால் மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் மெதுவாக வந்தார். எங்களைக் கண்டு இறங்கினார்.

"என்னடாப்பா, எல்லாரும் ஆத்துக்குள்ள நிக்கிறீங்க?"

"கடல் வரல்லியா?"

"கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கு."

கூட்டத்துக்குள் யாரோ கேட்டார்கள், "அப்ப ஆரு முதல் கத்தின?" மெல்ல மெல்ல எல்லாக் கண்களும் என்னிடம் வந்து நின்றன. நான் என் கையைப் பார்த்தேன். சந்தனம் முழுவதும் கரைந்து போயிருந்தது. ரவியின் பிடிக்குள் வீங்கிச் சிவந்த என் உள்ளங்கையும் அந்தக் கோணல் தழும்பும் ஊர் பார்க்கக் கிடந்தன. பெரியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் எங்களிடம் நடந்து வந்தார். ஏழெட்டு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மடங்கிய விரல், தீவு, பலாப்பழம், டொக்டர், அலுமாரிக்குள் இருக்கும் அச்சு, ஒன்றும் விடவில்லை. "தங்கச்சிக்கு ஒரு வருத்தமும் இல்ல மாமி, எனக்கும் அந்த வருத்தம் இல்ல, சத்தியமா இல்ல," என்றேன். வதனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நான் அந்தத் தீவு ஆஸ்பத்திரியில இருவது வருசம் சமைச்சவள். அந்தக் கை எப்பிடி இரிக்கும் எண்டு எனக்கு நீங்க சொல்லித் தாறீங்களா?"

நான் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்த அண்டே கண்டன். முதல்ல எனக்கும் திக்கெண்டுதான் இரிந்திச்சி. பிறகு தேத்தண்ணிக் கோப்ப சுட்டு நீங்க கைய மாத்தினீங்க. அந்த வருத்தக்காரருக்கு விரலில சூடு தெரியாது தம்பி. அடுப்புக்குள்ள கை வெச்சாலும் தெரியாது. உங்களுக்குச் சூடு தெரிஞ்சிது. இது வேற என்னமோ எண்டு விட்டுட்டன்." சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சொன்னார், "அந்த வருத்தமெண்டாலும் மருந்து எடுத்தாச் சரிதானே. அதுக்கு ஏன் கலியாணத்த விடணும்?"

என் வாழ்க்கையில் நான் வாங்கிய அதிர்ச்சிகளில் அதுதான் பெரியது, சுனாமியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் முடிந்துபோன விஷயத்துக்கு நான் கையை வெட்டக் கொடுத்திருக்கிறேன்! பக்கத்தில் நின்ற சரோஜா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐயர் இடுப்பில் இருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம். வீட்டுக்குத் திரும்பி நடந்தால் நேரம் காணாது. தாலி எங்கே என்று எல்லோரும் முழித்தபோது, சரோஜா முந்தானைக்குள் இருந்து தாலித் தட்டை எடுத்தாள். எல்லோரும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிய நேரத்தில் அவள் தட்டையும் ஒரு தேங்காயையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"தாரை வாத்தது இடையில நிண்டு போச்சே ஐயா," என்றார் ஒருவர்.

"ஒரு மைல் தூரம் கையக் குடுத்தபடியேதானே வந்திரிக்கினம்," என்றார் ஐயர் மூச்சு வாங்கியபடி. "தண்ணியும் போதுமான அளவு இரிக்கி. மாப்பிள, கைய விட்டுட்டுத் தாலிய எடுங்க."

ரவி விடவில்லை. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கடல் வரவில்லை என்று அவருக்கு இன்னும் தெரியாதது போல இருந்தது. கண் கிழக்குப் பக்கமே நின்றது.

"விடுங்க மச்சான்," என்றேன் மெதுவாக. "ஒண்டுமில்ல. என்ட கை நோகுது."

"அவனும் இப்பிடித்தான் சொன்னவன்," என்றார் ரவி.

"ஆரு?"

"தம்பி. நோகுது, விடு எண்டான். மாத்திப் புடிப்பம் எண்டு கொஞ்சம் இளக்கினன் மச்சான். கொஞ்சம்தான் இளக்கினன்."

ரவியின் தம்பி சுனாமியில் போனது எங்களுக்குத் தெரியும், எப்படிப் போனான் என்பது பெரியம்மாவுக்குக்கூட அந்த நிமிடம்தான் தெரிந்தது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு மைல் தூரம் நான் அந்த மனிதரின் காதுக்குள் "நோகுது, விடுங்க" என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறேன். நான் கத்தும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுதேன், ஒளிக்கவில்லை.

"நோகல்ல மச்சான்," என்றேன். "வெச்சிரிங்க. எவ்வளவு நேரமெண்டாலும் வெச்சிரிங்க."

கடைசியில் வதனிதான் மற்றக் கையால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஒரு விரலை எடுக்க ஒரு தடவை "நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று சொன்னாள். ஐந்து தடவை சொன்னாள். ரவி தாலியைக் கட்டினார். பெண்கள் குரவையிட்டார்கள். சென்றிப் பொடியன்மார் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மீன்காரர் பெட்டியில் இருந்த மீன் முழுவதையும் கலியாண வீட்டுக்கு என்று கொடுத்தார். (சைவச் சாப்பாட்டுக் கலியாணம். நாங்கள் வாங்கிக்கொண்டோம்.)

அந்தக் கை பிறகு முழுதாகச் சுகமாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன், மாத்திரை தந்தார்கள், தினமும் வெந்நீரில் கை வைத்து அசைக்கச் சொன்னார்கள். எரிவு குறைய ஒன்றரை வருடம் எடுத்தது. வாடைக்காற்று வீசினால் இன்றைக்கும் உள்ளங்கை எரியும், அந்த மாதங்களில் காலுறை ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். யுத்தம் முடிந்த வருடம் இரண்டு விரல்களும் பழையபடி மடங்கத் தொடங்கின. டொக்டர் அப்போதே சொன்னதுதான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார், ஆகவே ரவியும் எங்கள் வளவிலேயே இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எங்களைப் பற்றிச் சொல்லும்போது, "அந்த வீட்டில ஒரே நாளில ரெண்டு பேரத் தாரை வாத்தவங்க" என்பார்கள். எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் தாரை வார்க்கும் நேரத்தில் என்னைச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சில வருடம் கழித்து ஒருநாள் பகல் உண்மையாகவே எச்சரிக்கை வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கடலை விட்டுப் போங்கள் என்று. வதனி முன்னால் ஓடினாள், சரோஜா ஓடினாள். ரவி தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. என்னை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் மடிந்த விரல்கள் இரண்டையும் அவருடைய இடுப்புப் பெல்டில் கொக்கி போலக் கொளுவினேன்.

"இது கழராது," என்றேன். "ஓடுங்க."

கடல் அன்றைக்கும் வரவில்லை. ஆனால் விரலும் கழரவில்லை. இழுத்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், கடைசியில் ஊர் முழுவதும் கூடி நின்ற வாவிக்கரையில் சரோஜா ரவியின் பெல்டை உருவவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவருடைய காற்சட்டைக்கு என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

போன வருடம் ஒரு டொக்டர் விரலைத் திரும்ப வெட்டி நிமிர்த்தலாம் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். ரவியின் மகள் இப்போது பெரிய பெண். "வேணாம் மாமா, அது அப்பிடியே இரிக்கட்டும். கடல் வந்தாத் தேவப்படும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பகிடிக்கு ரவி மட்டும் சிரிப்பதில்லை. ஆனால் அன்றில் இருந்து அவர் வளவுக்குள் சாரம் உடுத்து நின்றாலும் அதன்மேல் ஒரு பெல்ட் கட்டித்தான் நிற்கிறார்.